முன்வாசல் விருந்தாளி

பல்கலைக்கழகத்தில் எனக்குச் சுற்றுலா முகாமைத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டில் இருந்த அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "சுத்திப் பாக்கிறதுக்கெல்லாமா கெம்பஸ்ல படிப்பு வச்சிருக்காங்க? நம்ம மலைய வெள்ளக்காரங்க சும்மாவே பாத்துட்டுப் போறாங்களே!" எங்கள் பக்கத்தில் படித்த பிள்ளை என்றால் டீச்சராக வேண்டும். அதைவிட்டால் உலகத்தில் வேறு உத்தியோகமே கிடையாது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அங்க சாப்பாடு ஒழுங்கா குடுப்பாங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு அதுதான் கவலை.

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன. சாப்பாட்டு மேசையில் வைக்கும் கைத்துணியை அன்னம்போல் மடிக்கப் பழகினோம். என்னுடைய அன்னம் எப்போதும் மழையில் நனைந்த கோழி மாதிரித்தான் உட்கார்ந்திருக்கும். விடுதிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று மொழியிலும் வரவேற்கப் பழகினோம். சிங்களத் தோழிகள் என் ஆங்கிலத்தைத் திருத்துவார்கள், நான் அவர்களுடைய 'வணக்கத்தை'த் திருத்துவேன். இரண்டும் கடைசிவரை திருந்தவில்லை. விடுமுறைக்கு வரும்போது பஸ் கினிகத்தேனையைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்துவிடுவேன். குளிர்காற்று முகத்தில் அடிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே, அது எங்கள் ஊர்க் காற்று!

கடைசி வருஷம் தொழிற்பயிற்சிக்கு என்னையும் சில தோழிகளையும் எங்கே போட்டார்கள் தெரியுமா? எங்கள் தோட்டத்துக்கு மேலேயே இருந்த பழைய தொரை பங்களாவில். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வேறு வீட்டுக்குப் போன பிறகு அதை ஹோட்டலாக்கியிருந்தார்கள். சின்ன வயதில் அதன் புகைபோக்கியைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அங்கே ஏதாவது காரியம் இருந்தால், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் ஏறி, பின்பக்கம் சமையல் நடக்கும் குசினி வாசலில் போய் நிற்பார்கள். முன்பக்கம் வராதே என்று யாரும் பலகை மாட்டி வைக்கவில்லை. மாட்டவும் தேவையில்லை. கால் தானாகவே பின்பக்கம் போய்விடும்.

பயிற்சியின் முடிவில் ஒரு செயன்முறைப் பரீட்சை. ஒவ்வொருவரும் ஒரு விருந்தாளியை அழைத்து, முன்படியில் வரவேற்று, மேசையில் அமர்த்தி உபசரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் விரிவுரையாளர் பக்கத்தில் நின்று புள்ளி போடுவார். மற்றவர்கள் சொந்தத்தில் யாருக்கு நல்ல ஆங்கிலம் வரும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் மனதில் வரவில்லை. அந்தப் படியில் அம்மா ஏறி வர வேண்டும், நான் கைகூப்பி நிற்க வேண்டும். புள்ளியெல்லாம் அப்புறம்.

அம்மா லேசில் மசியவில்லை. "தொரை பங்களாவுக்கு நானா? ஒனக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்கா?" நான் சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காரியத்தைச் சாதித்தேன். அந்த வித்தையில் எனக்குப் படிக்காமலே பட்டம் கொடுக்கலாம். ஒத்துக்கொண்ட பிறகு எப்படி வர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அட, போ புள்ள! பொறந்ததுலேருந்து இந்த மலையிலதான் கெடக்கிறேன். பங்களாவுக்கு வழி நீ சொல்லித் தரணுமா?" என்று ஒரே அதட்டு. நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பனி விலகி நல்ல வெயில். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் தோழிகளின் விருந்தாளிகள் வாகனங்களில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராக வரவேற்கப்பட்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் படியில் நின்றுகொண்டிருந்தேன். விரிவுரையாளர் கிட்டே வந்தார்.

"உம்மட ஆள் இன்னும் வரேல்லையோ பிள்ளை? விருந்தாளி இல்லாட்டி நான் எதுக்குப் புள்ளி போடுறது?"

"வந்துருவாங்க மிஸ்," என்றேன். வரும் வழியில் வழுக்கி விழுந்துவிட்டாரோ? கடைசி நேரத்தில் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டாரோ?

அப்போதுதான் குசினியில் வேலை செய்யும் அண்ணன் ஓடி வந்தார். "தங்கச்சி, அது ஒங்க அம்மாவா? அவங்க எப்பவோ வந்துட்டாங்களே! குசினியில போஞ்சி நறுக்கிக்கிட்டு இருக்காங்க."

ஐயோ! விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். சித்தியிடம் இரவல் வாங்கிய பச்சைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குசினி பெஞ்சில் அம்மா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு குவியல் போஞ்சி. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"என்னாம்மா நீங்க! ஒங்களப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போய் அங்க நிக்கிறேன்!"

"ஏன் கத்துற? நானும் ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இவங்க பாவம், கை ஓயாம வேல செய்றாங்க. நான் சும்மா ஒக்காந்திருக்க முடியுமா?"

விரிவுரையாளரும் பின்னாலேயே வந்துவிட்டார். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். "நேரம் போகுது. இந்தக் கதவாலயே கூட்டிக்கொண்டு வாரும். வரவேற்புக்கு ஏதோ பாத்துப் போடுறன்," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவும், "அதானே, இப்படியே போயிறலாம்," என்று எழுந்தார்.

"போகக் கூடாது," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அடுப்படியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவங்க என்னோட விருந்தாளி மிஸ். முன்பக்கமாத்தான் வருவாங்க. நீங்க புள்ளி போடாட்டியும் பரவாயில்ல."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அப்ப நான் படியில நிக்கிறன். கெதியா வாங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பங்களாவைச் சுற்றி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "நாலு பேரு பாக்கிறாங்க, மானத்த வாங்குற," என்று வழியெல்லாம் திட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "நான் அங்க போய் நின்னதும் நேரா நடந்து வாங்க," என்று சொல்லிவிட்டு ஓடிப் படியேறினேன். சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

கொழுந்து மலையில் ஏறும்போது யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத அம்மா, அந்தச் சரளைப் பாதையில் கால் கூசிக் கூசி நடந்து வந்தார். முதல் படியில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தலையாட்டினேன். மேலே வந்ததும், அத்தனை வருஷமும் கண்ணாடி முன்னால் பழகிய குரலில், கைகூப்பிச் சொன்னேன்.

"வணக்கம். வாங்க. உங்கள் வருகையில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி."

அம்மா நின்றார். சட்டென்று ஒதுங்கி வழிவிட்டு, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பாதை வெறுமையாகக் கிடந்தது.

"யாருக்கு புள்ள சொல்ற?"

அடுத்துச் சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒங்களுக்குத்தாம்மா," என்றேன்.

அம்மா போஞ்சி நார் ஒட்டியிருந்த கைகளை முந்தானையில் துடைத்தார். நன்றாகத் துடைத்துவிட்டு, என்னைத் திருப்பிக் கும்பிட்டார்.