தூண் பிளக்க மறுத்த கம்ப்ரஸர்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். சந்தேகம் மட்டும் இலவசமாகவே படுகிறேன். ஐப்பசியில் ஸ்ரீரங்கத்து மண்டபமொன்றில் உபன்யாசம். முதல் நாள், உபன்யாசகர் எவ்வளவு கத்தினாலும் ஸ்பீக்கர் ஏற மறுத்தது. கிசுகிசுவும் கூப்பாடும் ஒரே உயரம். இரண்டாம் நாளும் அதே.

"உம்ம பெட்டி அடியேனை வாயை மூடுங்கறதே! நாளைக்குத் தூணைப் பிளந்துண்டு சிம்மம் வரணும். பூனை வந்துதுன்னா, மத்த நாளுக்கு வேற மைக் செட்தான்" என்றார்.

மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, சத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் என் கம்ப்ரஸர் பெட்டிக்குள் விசிஏ என்றொரு சிப் உண்டு. குரல் ஏறினால் ஒரு வோல்டேஜ் மாறும். அந்த வோல்டேஜ் சொல்கிறபடி சிப் சத்தத்தை அடக்கும். எந்த அளவுக்கு மேல் அடக்க வேண்டும் என்பதற்கு முகப்பில் ஒரு திருகு.

ஆவணியில் தில்லை நகர் மெக்கானிக் ஒருவரிடம் அந்தப் பெட்டியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். நல்ல சிப்பைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டியிருப்பாரோ? இதற்கென்றே, கொடுக்கும் முன் சிப்பின்மேல் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை திறந்து பார்த்தேன். புள்ளி இருந்தது. ஆனால் அவர் வீட்டிலும் நெயில் பாலிஷ் இருக்காதா என்ன?

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் கடந்தேன். குதித்து ஓடிவிடாமலிருக்கக் கண்ணாடியில் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

"சில பேரு ஒரிஜினல எடுத்துட்டு டூப்ளிகேட் போடுறாங்களாமே?"

"போடுறாங்க சார். ரொம்ப மோசம்" என்றார், முகம் மாறாமல். தேர்ந்த கள்ளன் என்று முடிவு கட்டினேன்.

மண்டபத்தில் என்னை மைக்கில் கத்தச் சொன்னார். கத்தினேன், ஸ்பீக்கர் முனகியது. அவர் குனிந்து திருகுகளைப் பார்த்தார். ஆயுத பூஜையன்று நான் எல்லாத் திருகிலும் சந்தனத்தை அப்பி, ஓரத்தில் குங்குமம் வைத்திருந்தேன். கட்டை விரலை நனைத்து, அடக்கும் அளவுக்கான திருகைத் துடைத்தார். சந்தனத்துக்கு அடியிலிருந்து, திருகு எந்த அளவில் நிற்கிறது என்று காட்டும் வெள்ளைக் கோடு வெளியே வந்தது. குங்குமம் ஒரு பக்கம், கோடு நேர் எதிர்ப் பக்கம்.

"இத்தனை நாளா எதைப் பாத்து சார் திருகுனீங்க?"

"குங்குமத்தை."

"அதான். எறும்பு தும்மினாக்கூட அமுக்குற மாதிரி வச்சிருக்கீங்க" என்று திருப்பினார். "இப்பக் கத்துங்க."

கத்தினேன். கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்தன.

அன்று மாலை தூண் பிளந்தது. முன்வரிசை மாமி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். உபன்யாசகர் இறங்கி வந்து, "இதுன்னா சிம்மம்! நாளைக்கும் நீரே வாரும்" என்றார்.

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவே பின்னாலிருந்து மெக்கானிக் கேட்டார்: "ஆவணில தொறந்தப்பவே உள்ள சிப்புலயும் ஒரு செவப்புப் பொட்டு இருந்துச்சே, அதுவும் ஏதோ பூஜைல வச்சதா சார்? சாமி விஷயம்னு நான் தொடவே இல்ல."

"ஆமாங்க, வேண்டுதல்" என்றேன். இந்த முறை கண்ணாடியைப் பார்க்கவில்லை.