முந்தல் மலையில் ஓஸ் சுமந்த ஞாயிறும், பாக்கி நின்ற ஓர் ஆளும்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தொலைக்காட்சியைக்கூட நின்றுகொண்டுதான் பார்ப்பேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று தங்கை சொல்வாள். ஐம்பத்திரண்டு வயதாகிறது, சக்கரம் இன்னும் கழலவில்லை. யோகா வகுப்பில் கண்ணை மூடச் சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டேன். ஜிம்மில் ஓடும் பட்டை மேல் ஒரு வாரம் ஓடினேன். இத்தனை ஓடியும் அதே சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று எரிச்சல் வந்தது. அதையும் விட்டேன்.

அப்போதுதான் அலுவலகத்தில் ஒரு தோழி போடிநாயக்கனூர்க் குழுவைப் பற்றிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறார்கள். ஊரிலிருந்து ஏதாவது ஒரு வேலை நடக்க வேண்டிய இடம்வரை ஓடுகிறார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் முள் வெட்டுவது, வாய்க்காலில் பிளாஸ்டிக் பொறுக்குவது, மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று இரண்டு மணி நேரம் வேலை. முடிந்ததும் திரும்ப ஓட்டம். உடம்புக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு. இது எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. சென்ற டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை கிளம்பிவிட்டேன்.

திண்டுக்கல்லில் இருந்து தேனி வந்து, அங்கே போடி பஸ் மாற வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எழுநூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. ஏலக்காய்ச் சீசன் என்பதால் தெருவே மணந்தது. நான் அதை நின்று ரசிக்கவில்லை. மறுநாள் காலை எதைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்ற கவலையில் இருந்தேன்.

காலை ஐந்தரைக்குப் பதினேழு பேர் கூடினோம். குழுவைக் கூட்டுகிறவர் மணி அண்ணன். போடியில் இரும்புக்கடையும் குழாய்ச் சாமானும் வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் மான்போல ஓடுகிறவர், பார்த்தாலே பொறாமையாக இருக்கும். அன்றைய வேலையை அவரே சொன்னார். முந்தலுக்கு மேலே மலைச்சரிவில் இருபது வீடுகள் இருக்கின்றன. வீடுகளுக்கு மேலே ஒரு ஊற்றுத் தொட்டி. அதிலிருந்து வந்த ஓஸ் குழாயை ஐப்பசி மழையில் உருண்ட பாறைகள் நசுக்கிவிட்டன. புது ஓஸ் சுருள்களும் ஒரு மூட்டை சிமெண்டும் ஜீப்பில் ரோடுவரை வரும். அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. நாம்தான் சுமக்க வேண்டும்.

போடியில் இருந்து முந்தல் எட்டு கிலோமீட்டர் இருக்கலாம். மூன்றாவது கிலோமீட்டரிலேயே எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை, அதனால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. எங்கள் சாமான் ஜீப் மட்டும் பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது.

"ஏறிக்கிறீங்களாக்கா?" என்றார் டிரைவர்.

"வேணாம்ப்பா. ஓடத்தான் வந்திருக்கேன்."

"ஓடுறவங்க முன்னால போய்ட்டாங்க. நீங்க நடந்துக்கிட்டு இருக்கீங்க."

கோபம் வந்தது. ஆனாலும் ஏறிக்கொண்டேன். இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள். மேலே ஏறுவதற்குக் கால் மிச்சம் இருக்க வேண்டும்.

ஓஸ் சுருள் நடுவில் கம்பைச் செருகி, இரண்டு பேர் தோளில் வைத்துத் தூக்கினோம். பாதை செங்குத்து. முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர் மூக்கில் சுருள் இடிக்கும். நான் பின்னால்தான் இருந்தேன். முன்னால் இருந்த பையனை, "நிக்காத, நிக்காத" என்று விரட்டிக்கொண்டே ஏறினேன். ஏழே காலுக்கு வீடுகள் தெரிந்தன. முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார். அவர்தான் ஈஸ்வரி. முப்பத்தைந்து வயதிருக்கும். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்.

"யாரு கேட்டு இதக் கொண்டாந்தீங்க?" என்பதுதான் அவருடைய வரவேற்பு.

மணி அண்ணன் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்ப் பெரியவர்ட்டச் சொல்லிட்டுத்தான் தாயி வந்தோம்" என்றார்.

"அவரு வீட்ல மோட்டாரு இருக்கு. தண்ணி தூக்குறது நாங்க. எங்ககிட்டச் சொன்னீங்களா?"

இதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் இருந்து விஷயம் புரிந்தது. குழாய் போனபிறகு கீழ் ஓடையில் இறங்கித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். போய்வர அரை மணி நேரம். விடியுமுன் மூன்று நடை நடந்துவிட்டு, ஆறு மணி ஜீப்பைப் பிடிக்க ரோட்டுக்கு இறங்க வேண்டும். ஈஸ்வரி அந்த மாதத்திலேயே பல தடவை ஜீப்பை விட்டுவிட்டார். இன்னொரு நாள் விட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். சீசன் நடுவில் ஜீப்பில் இடம் போனால் அடுத்த சீசன்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு அவசரம் இருக்கிற ஆள் ஏன் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தலை வெடித்தது. தோளில் ஓஸ் வேறு அழுத்தியது.

"இதுக்கு நாங்க என்ன குடுக்கணும்?" என்று கேட்டார் ஈஸ்வரி.

"ஒண்ணும் வேணாம் தாயி. சேவையாத்தான் செய்றோம்" என்றார் மணி அண்ணன்.

"அப்ப வேணாம். தூக்கிட்டுப் போங்க."

பக்கத்தில் நின்ற பெண், "ஏன்டி, தண்ணி வந்தாப் போதாதா?" என்று இழுத்தார். ஈஸ்வரி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்துச்சு. குழாய் போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. நாலு மாசத்துல இணைப்பு விட்டுப் போச்சு. போன் போட்டேன். பாக்குறோம்மான்னாங்க. பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. ரப்பரச் சுத்தி நாங்களாத்தான் இந்த ஐப்பசி வரைக்கும் ஓட்டுனோம். நானும் சத்தமா ஒரு வார்த்த கேக்கலண்ணே. சும்மா செஞ்சு குடுத்தவங்கள எப்படி வைய முடியும்? கூலிக்கு வந்த ஆளுன்னா வைவேன். எங்க ஆளுன்னா வீட்டு வாசல்ல போய் நின்னு இழுத்துட்டு வருவேன்."

அவரே தொடர்ந்தார். "எங்க ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குக் கூரை போட நாலு பேரு போனா, அந்த வீட்டு ஆளு நாலு வீட்டுக்கும் போய் ஒரு நாள் வேல செய்யணும். உங்களுக்கு என்ன சோலி இருக்குன்னு சொல்லுங்க. நாங்க வர்றோம். அப்பறம் ஓஸப் போடுங்க."

மணி அண்ணன் பெருந்தன்மையை விடுவதாக இல்லை. "எங்களுக்கு என்ன சோலி? நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றார். குழுவில் ஒரு ஆசிரியர், "ஒரு நன்றி சொன்னாப் போதும்மா" என்று சேர்த்துக்கொண்டார். அவர்கள் பணிந்து பேசப் பேச ஈஸ்வரியின் முகம் இறுகியது. அன்பாகப் பேசியே காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினேழு பேரில் ஒருவருக்குக்கூட ஒரு வேலை பாக்கி இல்லையாம். நல்ல கதைதான்.

எனக்குப் பொறுமை அற்றுப்போனது. சுருளைத் தரையில் போட்டேன்.

"எனக்கு இருக்கு. தை மாசம் வீடு மாத்துறேன். இப்ப இருக்கிறது ரெண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் ஒத்தை ஆளு. பீரோவத் தூக்க ஆள் இல்ல. வருவீங்களா?"

ஈஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?"

"திண்டுக்கல்."

"என்னைக்கு?"

தேதி சொன்னேன். நாலு பேர் வருவதாகச் சொன்னார். உடனே மணி அண்ணனைப் பார்த்து, "நிக்கிறீங்களேண்ணே, வெரசாத் தூக்குங்க. வெயிலு வந்துரும்" என்றார். அதுவரை வழியை மறித்தவர் அவரே என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை.

அடுத்த நாலு மணி நேரம் நான் இதுவரை செய்ததிலேயே கடுமையான உடற்பயிற்சி. பாறை உருளும் இடங்களில் குழாயைப் புதைக்கப் பள்ளம் தோண்டினோம். அந்தப் பெண்கள் மண்வெட்டி பிடித்த வேகத்துக்கு எங்கள் ஓட்டக்காரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் சிமெண்டை ஒரே மூச்சில் தொட்டிவரை ஏற்றியது மணி அண்ணன்தான், அதையும் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மணி அண்ணன் ஓஸ் நுனியைச் சூடுகாட்டி இணைக்கும்போதெல்லாம் மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கையைக் கொஞ்சம் அசைத்தாலும், "அக்கா, ஆட்டாதீங்க" என்று மேலே இருந்து ஈஸ்வரியின் குரல் வரும். கண்ணை மூடச் சொன்னதற்கே எழுந்து வந்தவள், வெயிலில் கல்லின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்குக் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு தண்ணீர். குழுவினர் கை தட்டினார்கள். ஈஸ்வரி தட்டவில்லை. குடத்தைக் கழுவி வைத்து, நிரம்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். "நாளைக்கு ஜீப்ப புடிச்சிருவேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். காலையில் வாழைப்பழமும் அவித்த முட்டையும் மட்டுமே சாப்பிடுகிற கொள்கைக்காரர்கள்கூட இரண்டாம் தடவை வாங்கினார்கள். திரும்பும்போது யாரும் ஓடவில்லை.

தை மாதம் சொன்ன தேதியில் அவர்கள் வந்தார்கள். நாலு பேர் என்றார், ஐந்து பேர் வந்து நின்றார்கள். பீரோ படியில் இறங்கிய வேகத்தைப் பார்த்துப் பழைய வீட்டின் உரிமையாளர் வாயைப் பிளந்தார். மதியத்துக்குப் பிரியாணி வாங்கிவைத்திருந்தேன். ஈஸ்வரி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "வேல வாங்குறவங்கதான்க்கா ஆக்கிப் போடணும்." அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அடுப்பைத் தேடிப் பற்றவைத்து ரசம் வைத்தேன். பிரியாணியையும் விடவில்லை, அது வேறு.

பஸ் ஏற்றிவிடும்போது, நாலு பேர் போதுமே, ஏன் ஐந்து பேர் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சரிக்குச் சரி முடிச்சுட்டா அதோட விட்டுப் போயிரும்க்கா. இப்ப ஒரு ஆளு உங்க பக்கம் பாக்கி நிக்குது. கூப்புடுவேன், வரணும்."

இந்த மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டிசம்பர், ஜனவரி நல்ல காலம். அடைமழையில் மலைப்பாதையில் ஏறவே ஏறாதீர்கள். பிடிமானம் உள்ள காலணி, கையுறை, துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் போதும். போவதற்கு முன்பு, உண்மையில் தண்ணீர் தூக்குகிறவர்களிடம் கேட்டீர்களா என்று அழைத்துப்போகிறவரிடம் விசாரியுங்கள். அவர்கள் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்றதால் நான் போடவில்லை. கடைசியாக ஒன்று: உங்கள் வீட்டில் என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு போங்கள். ஒன்றும் இல்லை என்று தோன்றினால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

போன மாதம் போன் வந்தது. "தொட்டியில மண்ணு சேந்துருச்சுக்கா. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு வந்துருங்க." முடியுமா என்று கேட்கவில்லை. நான் தேனியில் பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். மணி அண்ணனும் குழுவும் முன்னமே அங்கே இருந்தார்கள். தொட்டிக்குள் முழங்கால் சேற்றில் நின்ற ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"இதான் ஏழு மணியா? ஒரு வேலக்குச் சொன்னா நேரத்துக்கு வரத் தெரியாதா உங்களுக்கு? சேலயத் தூக்கிச் செருகிட்டு எறங்குங்க."

மணி அண்ணன் எனக்காகக் கூசிப்போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.