அன்னத்து மூக்கில் ஒரு மரு

ஃபக்ருதீன் பாய்க்கு நான் நாலாயிரம் ரூபாய் பாக்கி. கொடுக்க வக்கில்லாமல் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் இன்று பன்னிரண்டு தறி ஓட்டுகிறவன் நான். மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

தினமும் காலையில் மொபெட்டை அணைக்காமலே என் கடை வாசலில் கையை நீட்டுவார்.

"இன்னா மொதலாளி, இன்னிக்காவது மனசு எறங்கிச்சா?"

"அன்னத்துக்கு மரு வச்ச ஆளுக்குப் பணம் ஒரு கேடா? போ பாய்!"

சிரித்தபடி என் செலவில் டீ குடித்துவிட்டுப் போவார்.

பாயின் தொழில் தறி அட்டையில் ஓட்டை அடிப்பது. சேலையில் உருவம் விழுவதற்காகத் தறியின் தலைமேல் அட்டைகள் சுற்றும்; ஓட்டை இருக்கும் இடத்தில் இழை தூக்கும். நாலாயிரம் கூலி பேசிய அட்டையில் ஒரே ஒரு ஓட்டையை மாற்றி அடித்துவிட்டார் மனுஷன். அட்டை சுற்றிச் சுற்றி வர, அத்தனை அன்னத்தின் மூக்கிலும் ஜரிகையில் ஒரு மரு! மரு வைத்த அன்னம் ராசி என்று சொல்லி அந்தச் சேலைகளையும் விற்றேன். என்னைத் தவிர எவனால் முடியும்?

தை மாசம் பாயின் கல்லீரலில் கட்டி என்றார்கள். புற்று. துணுக்கு எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று பாய் மாப்பிள்ளை போல் கடைக்குள் நுழைந்தார்.

"கட்டி ஒண்ணுதான்பா, எலுமிச்சங்கா சைசு. சுத்தி உறை போட்டுக்கினு உக்காந்திருக்குது, ரத்தக் கொழாய்க்குள்ள பூரல. வெட்டி எடுத்துடலாம்னாரு டாக்டரு. ஆனா கேளு, கட்டிக்குள்ள ஜீன்ல மூணு எடத்துல தப்பு! ஒண்ணு பேரு சி.டி.என்.என்.பி. ஒண்ணு. வண்டி நம்பர் கணக்கா இல்ல? செல்லு ஒவ்வொண்ணும் அந்தத் தப்பையே திரும்பத் திரும்ப அடிச்சிக்கினு போவுதாம். ஆயுசுக்கும் நான் ஒண்ணுதான் தப்பா அடிச்சேன். என் ஈரலு மூணு அடிச்சிருக்குது. இத்த யாருபா திட்டுறது?"

"உன்ன விடத் திறமைசாலி பாய், உன் ஈரலு" என்றேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாலாயிரத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். பாய் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அண்ணே வீடு தேடி வந்திருக்காரு, வாங்கிக்கோங்களேன்" என்றார் மனைவி ரசியா.

"சும்மா இரு. இப்ப வாங்கினா கணக்கு தீந்துடும். பாக்கி நின்னாத்தான் வசூலுக்கு நான் திரும்பி வந்தாவணும். டாக்டருகிட்டயும் சொல்லிட்டேன், ஒருத்தன் எனக்குப் பணம் தரணும், பாத்து வெட்டுங்கன்னு."

இரண்டு மாசம் கழித்து, நேற்றுக் காலை கடை வாசலில் அந்த மொபெட் சத்தம். ஆள் பாதியாகியிருந்தார். சட்டையைத் தூக்கித் தையல் தழும்பைத் தெருவுக்கே காட்டினார்.

"மிச்ச ஈரலு தானா வளருதாம்பா! இந்தத் தடவ தப்பில்லாம அடின்னு சொல்லி வச்சிருக்கேன்."

கை நீண்டது.

பணம் எண்ணுவதில் எனக்குத் தப்பே வந்ததில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அந்த உள்ளங்கையில் வைத்தேன். மூன்று, நான்கு, ஐந்து... ஐந்து...

"தப்பு மொதலாளி. மொதல்லேந்து எண்ணு."

எண்ணினேன். எட்டாவது தாள் விழும்வரை அந்தக் கை விரிந்தே இருந்தது.