பிஜிலி, தூஃபான் இல்லை

போன ஞாயிறு ஒரு குதிரையிடம் கெட்ட பெயர் வாங்கினேன்.

என் கொழுந்தியாள் செல்விக்கு மும்பை தாராவியில் பாத்திரக் கடை. ஞாயிறானால் கர்ஜத் பக்கம் ஒரு லாயத்தில் குதிரை ஓட்டப் போய்விடுவாள். எண்டியூரன்ஸ் ரைடிங் — மணிக்கணக்கில் காடு மேடெல்லாம் போகிற நெடுந்தூரப் போட்டி. பாதி வழியில் டாக்டர் குதிரையின் நாடி பார்ப்பார். கொடுத்த நேரத்துக்குள் படபடப்பு அடங்காவிட்டால் அவுட்.

செல்வியின் குதிரை பிஜிலி. பெயர்தான் மின்னல்... நடையோ மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும் மாமி மாதிரி. ஏற்கெனவே இரண்டு போட்டியில் அவுட். இதிலும் தோற்றால் கல்யாண ஊர்வலக்காரர்களுக்கு விற்றுவிடுவேன் என்று லாயத்து முதலாளி சொல்லிவிட்டார். பேண்டு, பட்டாசு... சத்தம் கேட்டாலே நடுங்குகிற ஜீவன் அது. அந்த வாரம் முழுக்க செல்வி சரியாகச் சாப்பிடவில்லை.

உதவிக்கு நான் போனேன். முன்பு அவள் தூஃபான் என்ற குதிரையை ஓட்டியபோதும் நான்தான். வந்து நின்றதும் சூடு தணிய மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவேன், ஐயா சுகமாக நிற்பார். அனுபவஸ்தன் இல்லையா? பாதி வழியில் வந்து நின்ற பிஜிலிக்கும் அதே கடமையைச் செய்தேன்.

அது துள்ளியது. மிரண்டது. நாடி பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்றார்.

"அத்தான், வாளியக் கீழ வைங்க. இவ தூஃபான் இல்ல. மேல தண்ணி விழுந்தா பயந்துக்கிடுவா."

செல்வி ஈரத் துணியால் கழுத்தை ஒற்றியபடி அதன் காதில் பேசினாள். "ஏட்டி, அது எங்க அத்தான்தான். நல்ல மனுசன். தெரியாம ஊத்திட்டாரு, மனசுல வச்சுக்கிடாத."

நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். மறுபடி நாடி பார்த்த டாக்டர் போகலாம் என்றார். எனக்குத்தான் படபடப்பு அடங்கவில்லை.

குதிரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். குதிரையை மட்டுமா? மருமகள், மேனேஜர், மாடி வீட்டுக்காரர் — எல்லோருக்கும் நம்மிடம் இருப்பது ஒரே வாளிதான்.

மீதி வழியில் இறக்கம் வந்தபோதெல்லாம் செல்வி கீழே இறங்கி, கூடவே நடந்தாளாம். முதுகில் ஆள் இருந்தால் பிஜிலிக்கு இறக்கம் பயம். கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஆனால் கடைசிப் பரிசோதனையிலும் பாஸ். செல்வி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

முதலாளி வந்தார். விற்கவில்லை என்றார். அடுத்த போட்டிக்கும் பிஜிலியே சரிதானே என்று செல்வியைக் கேட்டார்.

"எனக்குச் சரி சேட்," என்றாள் செல்வி. "அவளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."