எங்கே நின்று பார்த்தார்கள்?

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஊருக்கே அக்காவான ரசியா பேகம் லாத்தா எஸ்.டி.டி. பூத் திறந்தது தொண்ணூற்று மூன்றில். பொம்பளை கடைத்தெருவில் உட்காருவதா என்று முணுமுணுத்தவர்களே, பிறகு சவூதிக்குப் பேச அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆள் இல்லாத நேரத்தில் லாத்தா வாரப் பத்திரிகைக் கதை படிப்பார். படிப்பதென்ன, குறுக்கு விசாரணை செய்வார்.

"இத சொல்றது யாரு? எங்க நின்னு பார்த்தாரு?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். பூட்டிய அறையில் தனியாகச் செத்தவன் கடைசியாக நினைத்ததை வெளியூர் நண்பன் சொல்வதாகக் கதை போனால் தொலைந்தது. "இவரு எந்தச் சந்து வழியா உள்ள போனாரு?" என்று பத்திரிகையைத் தூக்கி எறிவார். எட்டாவதோடு நின்றவர். பத்தாவது பாஸான நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் சபிஹா. என் கணவர் ரியாத் போய் ஆறு வருடம். கடிதம் நின்று இரண்டு வருடம். அடுத்த வீட்டு பர்வினுக்கோ அவள் கணவன் அப்சர் தம்மாமிலிருந்து மாதம் இரண்டு கடிதம் போடுவான். எங்கள் மொட்டைமாடிகளுக்கு நடுவில் இடுப்பளவுச் சுவர்தான்.

ஒரு சாயங்காலம் நான் பூத்தில் இருந்தபோது பர்வின் அழுதுகொண்டே வந்தாள். கையில் பெயர் போடாத கடிதம். தம்மாமிலிருந்து ஊருக்கு வந்த யாரோ கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனதாக அவள் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

"லாத்தா, அவரு அங்க இன்னொரு கல்யாணம் பண்ணிட்டாராம். கூட வேலை பார்க்கிறவரு கண்ணால பார்த்து எழுதியிருக்காரு. நாளைக்கு ஜமாத்துல சொல்லி உறவ முடிச்சுடணும்னு என்னைப் பெத்த அத்தா குதிக்கிறாங்க."

லாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"புதுப் பொண்டாட்டி பேரு இல்ல, வீடு இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை தவறாம நீ அப்சரோட பழைய கைலியைத் துவைச்சு மாடியில காயப்போடுறது இருக்கு. எடுக்கும்போது முகத்துல வச்சுக்கிறது இருக்கு. இத அப்சருக்கு எழுதினியா?"

பர்வின் முகம் சிவந்தது. "வெக்கமா இருக்காதா லாத்தா? யாருக்கும் சொன்னதில்ல."

"அப்ப எழுதுனவங்க நின்ன எடம் தம்மாம் இல்ல. உங்க மாடி தெரியிற எடம்."

எழுதியவள் நான்தான். இடது கையால், ஆண்பிள்ளை போல எழுதினேன். பொறாமை; வேறு காரணம் கிடையாது. அந்தக் கைலியைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

"அத்தா நம்பமாட்டாங்களே. அப்ப எழுதுனது யாருன்னு கேப்பாங்க" என்றாள் பர்வின்.

"அத நான் சொல்லக் கூடாது. நான் பார்க்கல" என்று கடிதத்தை மடித்துக் கொடுத்தார் லாத்தா. என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேர் இருக்கும் கடைத்தெருவில் ஒரு பார்வையால்கூட என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மையை இன்றும் நினைத்து நெகிழ்கிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு பத்திரிகையில் குனிந்துவிட்டார்.

பர்வின் படியிறங்கினாள்.

"பர்வினு, நில்லு. உங்க அத்தாகிட்ட நானும் வர்றேன்" என்று பின்னாலேயே இறங்கினேன்.

"நீ எதுக்கு?"

"எங்க மாடியில நின்னு பார்த்தேன்" என்றேன்.