என் அண்ணன் எடுத்த ஏலம்

ஏலம் என்று யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு மாதம் ஆகிவிட்டது, கோபம் மட்டும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்வேன். அதில் என் பெயரும் உண்டு.

கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிய ஒரு பேக்கரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். பப்ஸ், தேங்காய் பன், டீ என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை சில்லறைதான் கையில் புரளும். வித்தியாசமான காசு ஒன்று வந்தால், அதே மதிப்புக்கு என் பர்ஸிலிருந்து வேறு காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். முதலாளியிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்கினேன். தலைவர்கள் முகம் போட்டவை, எந்த ஊரில் அச்சடித்தது என்று காட்டும் புள்ளியும் நட்சத்திரமும் உள்ளவை, அச்சு தப்பிப் போனவை என்று முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. வீட்டில் எனக்குச் சில்லறைப் பைத்தியம் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

போன வருஷம் முழங்கால் வலி வந்தது. எங்கள் ஊரிலிருந்து பேக்கரிக்கு எட்டு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்குத்தான். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மெக்கானிக் கடையில் ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்கு நின்றது, முப்பதாயிரம் சொன்னார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தோட்டம் அவர் பெயரில், வீடு அவர் பெயரில், கரண்ட் பில், கேஸ் புத்தகம், மகனுடைய காலேஜ் ரசீது எல்லாமே அவர் பெயரில். இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவளுக்கு, என் பெயர் போட்ட பொருள் என்று காட்ட ஒன்றுகூடக் கிடையாது. ஒரு ஆர்.சி. புத்தகத்திலாவது என் பெயர் அச்சாகி இருக்க வேண்டும், அதுவும் என் காசில் என்று பிடிவாதமாக நினைத்தேன். அதற்காகத்தான் காசுகளை விற்க இறங்கினேன்.

விற்கப் போகிறேன் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் எனக்கு வீடியோ அனுப்ப ஆரம்பித்தார்கள். இந்தப் படம் போட்ட நோட்டு இருந்தால் ஐந்து லட்சம், இந்தச் சாமி போட்ட காசு இருந்தால் பத்து லட்சம் என்று ஒருவன் கத்திக்கொண்டே இருப்பான். ஊர் உலகத்துக்கே காது குத்துகிற பயல்கள். அந்தப் பத்து லட்சக் காசு என்னிடம் நாற்பது இருந்தது. அதற்கு யாரும் ஐம்பது ரூபாய்கூடத் தரமாட்டார்கள் என்று நான் சொன்னால், உனக்கு விற்கத் தெரியவில்லை என்று எனக்கே புத்தி சொன்னார்கள்.

நான் சேர்ந்தது, இணையத்தில் பழைய காசு ஏலம் விடுகிற ஒழுங்கான தளம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். காசைப் படம் எடுத்துப் போட வேண்டும், ஏழு நாள் ஏலம் ஓடும், அதிகம் கேட்டவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கேட்கச் சுலபமாக இருந்தது. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று மூன்று படம் எடுப்பதற்குள் கண் பூத்துப்போகும். வெயிலில் எடுத்தால் பளபளக்கிறது என்பார்கள், நிழலில் எடுத்தால் தெளிவில்லை என்பார்கள். விற்ற விலையில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு மேல் வரி, பணம் வாங்கித் தருவதற்கு ஒரு கட்டணம், அதற்கும் வரி. பதிவுத் தபாலும் பஞ்சு வைத்த கவரும் என் செலவு. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு காசு விற்றேன் என்றால், வாங்கியவனும் தளமும் தபாலாபீசும் பங்கு போட்டுக்கொண்டது போக எனக்கு ஒரு டீயும் வடையும் மிஞ்சும்.

ஒரு தடவை எடை போடச் சொன்னார்கள். நான் பேக்கரித் தராசில் வைத்தேன், பத்து கிராம் என்று காட்டியது. கேக் நிறுக்கிற தராசு ஐந்து ஐந்தாகத்தான் காட்டும் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை. அந்தக் கெட்டி ஐந்து ரூபாயின் சரியான எடை ஒன்பது கிராம். வாங்கியவர் கல்கத்தாவில் நிறுத்துப் பார்த்து, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று புகார் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன தபால், வந்த தபால் இரண்டும் என் தலையில். விற்பனையே ரத்தான பிறகும் கமிஷனை மட்டும் திருப்பித் தரவில்லை. விற்காத பொருளுக்கு எதற்கய்யா கமிஷன் என்று எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

இப்படிப் பதினோரு காசு விற்று, எல்லாம் கழிந்து, மூவாயிரத்து நூறு ரூபாய் என் கணக்கில் நின்றது. அதையும் பதினைந்து நாள் கழித்துத்தான் எடுக்க முடியும். ஆனாலும் நான் விடவில்லை. பெரிய காசு ஒன்றை இன்னும் வெளியே எடுக்காமல் வைத்திருந்தேன்.

அது பழனிக்கு நடந்து போன ஒருவர் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுத்த ஐந்து ரூபாய். அச்சு இயந்திரத்தில் ஒரு அடி வாங்கி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் ஒரு அடி வாங்கியது. மூன்று சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு சிங்கம் இருக்கும். சேகரிப்பவர்கள் இதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று படித்திருந்தேன். இந்தத் தடவை நகைக்கடைத் தராசில் நிறுத்து, எழுதியதை நான்கு தடவை சரிபார்த்து, ஐந்நூறு ரூபாயில் ஏலத்தைத் தொடங்கினேன். மூன்றாம் நாளே ஆறாயிரத்தைத் தாண்டியது. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த ஒரே முட்டாள்தனம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் லிங்கைப் போட்டது. சில்லறைப் பைத்தியம் என்றவர்கள் பார்க்கட்டும் என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஏலம் முடிய வேண்டும். மூன்றரைக்குப் பூனாவிலிருந்து ஒருவர் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கேட்டிருந்தார். அதுவே எனக்குப் போதும். கையிலிருந்ததோடு சேர்த்தால் வண்டிக்குப் பாதி வந்துவிடும், மீதியைச் சம்பளத்தில் கட்டலாம். அப்போது புதிதாக ஒருவர் உள்ளே வந்தார். பதின்மூன்றாயிரம். பூனாக்காரர் பதினான்கு. புதியவர் உடனே பதினைந்து. யோசிக்கிற ஆள் மாதிரியே தெரியவில்லை, இவர் கேட்ட மறுநொடி அவர் ஏற்றினார். இருபதாயிரத்து ஐந்நூறில் பூனாக்காரர் நின்றுவிட்டார். இருபத்தோராயிரத்துக்கு ஏலம் முடிந்தது.

வேலை செய்கிற எல்லோருக்கும் என் காசில் கிரீம் பன்னும் டீயும் சொன்னேன். முதலாளி எழுந்து வந்து காசைக் கையில் வாங்கிப் பார்த்தார். அந்தப் பன்னை யாரும் பாதி தின்றிருக்கமாட்டார்கள், என் போன் அடித்தது. கொடுமுடியிலிருந்து என் அண்ணன்.

"அம்மிணி, நாந்தான் எடுத்துப்போட்டேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்ற காசத்தான் கண்ணு. எவனோ பன்னண்டாயிரத்து எட்டுநூறுல நின்னுபோட்டான். என்ற தங்கச்சி பொருளு ஏலத்துல நிக்கறப்ப நான் கையக் கட்டீட்டுப் பாத்துட்டு இருப்பனா?"

என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது விளங்காது. மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். அவர்கள் ஊரில் மாரியம்மன் பொங்கல் முடிந்ததும், சாமிக்கு வைத்த வாழைத்தார், தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கோயிலில் ஏலம் விடுவார்கள். அங்கே யாரும் பழத்துக்காக ஏலம் கேட்பதில்லை. நம் வீட்டுத் தார் குறைந்த விலைக்குப் போனால் நம் வீட்டுக்கு இறக்கம். அதனால் கொடுத்தவர்களின் பங்காளியோ மச்சானோ விலையை ஏற்றிவிட்டுத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பதினோராயிரத்துக்கு எடுத்தவர் என் அண்ணன். என்னுடைய ஏலத்தையும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் போட்ட லிங்கை அமுக்கி, அதிலேயே புதுக் கணக்குத் தொடங்கி, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று கேட்டிருக்கிறார்.

"அது தங்கமா, வெள்ளியா கண்ணு?" என்று கேட்டார்.

"நிக்கலுங்ணா" என்றேன்.

என் வயதுக்கு நான் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்தினேன். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள், முதலாளி உள்ளே போய்விட்டார். ஒரு வண்டி வாங்கத்தான் இதை விற்றேன், வாங்குகிறவன் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டீர்களே என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பணம் அவர் கொடுத்துவிடுவார், நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று புரியவில்லை என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

அண்ணனிடம் பணம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. தளத்தில் ஒரு வழி இருந்தது. முதல் ஆள் வாங்காவிட்டால் இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கலாம். பூனாக்காரருக்கு எழுதினேன், அவர் முதலில் கேட்ட பன்னிரண்டாயிரத்து எண்ணூறுக்கே தருகிறேன் என்றேன். நேர்மையாக நடப்பதாக நினைத்துக்கொண்டேன். பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. உங்கள் ஆளை விட்டே விலையை ஏற்றிவிட்டு, மாட்டாமல் போனதும் இப்போது இறங்கி வருகிறீர்களா, இதற்குப் பெயர் திருட்டு, புகார் கொடுத்திருக்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தது கிடையாது. குறைந்தால் என் கையிலிருந்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். முகம் தெரியாத ஒருவன் என்னைத் திருடி என்கிறான். திருப்பித் திட்டலாம் என்றால், அவன் சொன்னது பொய்யும் இல்லை. ஏற்றிவிட்டது என் ஆள்தான். நான் ஏற்றச் சொல்லவில்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

தளத்துக்காரர்கள் பார்த்தார்கள். அண்ணன் கணக்கு என் லிங்க் வழியாக வந்தது என்பது அவர்களுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. என் கணக்கை முடக்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த மற்ற ஏலங்களை நிறுத்தினார்கள். நின்ற மூவாயிரத்து நூறில், இருபத்தோராயிரத்துக்கான கமிஷனையும் வரியையும் பிடித்துக்கொண்டார்கள். மீதி நூற்றுச் சொச்சத்தை விசாரணை முடியும்வரை தரமாட்டார்களாம். நான் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம் என்று ஒரே வரி வந்தது. என்னத்தைப் புரிந்துகொண்டீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டேன். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. ஆளா மெஷினா என்றுகூடத் தெரியாத ஒன்றிடம் நான் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்தார். பின்னாலேயே ஒரு சரக்கு ஆட்டோ. அதிலிருந்து புத்தம் புது ஸ்கூட்டரை இறக்கினார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி வாங்கத்தான் விற்றேன் என்று நான் கத்தியது அவர் மனதில் அப்படியே நின்றிருக்கிறது. வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். நான் கைப்பிடியைத் தொட்டேன், அழுகை வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கணம் எனக்கு எல்லாக் கோபமும் போய்விட்டது.

அப்புறம்தான் சீட்டுக்கு அடியிலிருந்த காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். இன்சூரன்ஸில் வீட்டுக்காரர் பெயர். ரெஜிஸ்டர் செய்த காகிதத்திலும் வீட்டுக்காரர் பெயர். இரண்டு பேரும் பத்து நாளாகவே போனில் பேசி, ஆதார் கார்டை வாங்கி, எனக்குத் தெரியாமல் முடித்திருக்கிறார்கள்.

"என்ற பேரு எங்கீங்ணா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை பேருல இருந்தா என்ன, உன்ற பேருல இருந்தா என்ன அம்மிணி? எல்லாம் ஒரே ஊடுதானே."

"அப்பறம் ஏலத்துல மட்டும் எப்படீங்ணா, அது என்ற பொருளுன்னு உங்களுக்குத் தனியாத் தெரிஞ்சுது?"

அண்ணன் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மாலையைச் சரிசெய்தார். ஆறு சிங்கக் காசை எடுத்து வந்து அண்ணன் கையில் வைத்தேன், நீங்கள் ஏலம் எடுத்தது, உங்கள் பொருள் என்றேன். சீர் கொடுத்த வீட்டில் திருப்பி வாங்குவதா என்று அவர் அதை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். காசைப் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. பெயரை மாற்றலாமே என்று வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். மாற்றலாம், அதற்கு இப்போது என்ன அவசரம் என்கிறார்.

நான் விடாமல் ஓட்டப் பழகினேன். எட்டுப் போடச் சொன்னார்கள், முழங்கால் வலியோடு எட்டுப் போட்டேன். என் போட்டோவும் என் பெயரும் அச்சான லைசென்ஸ் போன மாதம் தபாலில் வந்தது. மறுநாள் காலையில் வாசலில் வண்டி இல்லை. வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போயிருந்தார். நான் நடந்து போய் எட்டு இருபது பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன்.