மலை வலப்பக்கம் இருக்க நடந்தவர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் என் வீட்டுக்கும் ஏகாம்பரம் சாரின் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருக்கள்தான். ஆனால் அவர் இறந்த செய்தி எனக்கு நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. அங்கே வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள் மலர்விழி அழைத்தாள். "அங்கிள், அப்பா காலையில இருந்து போன் எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாக்கறீங்களா?" போனேன். நான் கதவைத் தட்டத் தட்ட, கையிலிருந்த போனில் அவள் "என்னாச்சு அங்கிள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை நெம்பித் திறந்தார்கள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே போயிருந்தார். அதை அவளிடம் நான்தான் சொன்னேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் சர்வேயர் ஏகாம்பரம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவர் சங்கிலி இழுக்காத வரப்பு கிடையாது. நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு இருவரும் மனைவியை இழந்தோம். மாலையில் கிரிவலம் போவதற்கு அவருக்கு நானும் எனக்கு அவரும் துணை.

ஊரையே அளந்த அந்த மனிதர் பெர்கனில் தொலைந்துபோனார். மகளோடு தங்கப் போயிருந்தபோது, அவள் வேலைக்குப் போன நேரத்தில் துறைமுகத்து மீன் சந்தை வரை போயிருக்கிறார். திரும்பும் வழி தெரியவில்லை. திருவண்ணாமலைக்காரர் வேறென்ன செய்வார்? பக்கத்திலிருந்த மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எப்படியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம் என்று கணக்கு. அந்த ஊரைச் சூழ்ந்து ஏழு மலைகள். ஒரு மலை முடியும் இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கிறது. பழைய மர வீடுகளையும் கோட்டையையும் தாண்டி, கடலோரமாக ஊர் எல்லை வரைக்கும் மழையில் நனைந்தபடி போய்விட்டார். போலீஸ்தான் அழைத்து வந்தது. அழுதுகொண்டே மகள், "இனிமே தனியா வெளிய போகாதீங்கப்பா" என்றாளாம். மிச்ச நாட்களை ஜன்னல் ஓரத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்பினார்.

அந்த வார்த்தை அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. "அடுத்த தடவை நான் தொலைய மாட்டேன் சார்" என்றார். "அவளுக்கு அந்த ஊர்ல ஆபீஸும் வீடும்தான் தெரியும். நான் போய் இறங்கி, அவளைக் கூட்டிட்டுப் போய் ஊரைச் சுத்திக் காட்டணும். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்க." அன்றிலிருந்து கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களிலும் பெர்கனைப் பரப்பி வைத்துப் பாடம் பண்ணினார். செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்ப்பார். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை நிறுத்தி "நார்வேயா?" என்று கேட்பார். மௌனம் தேடி வந்தவர்கள் பாவம், அவரிடம் மாட்டிக்கொண்டு ஊர்க்கதை சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்திர லிங்கத்தில் துறைமுகம். அங்கிருந்துதான் எங்கள் பயணம் தொடங்கும். அக்னி லிங்கத்தில் அந்த ஊர் எரிந்த கதை. மர ஊர் என்பதால் பலமுறை எரிந்து எரிந்து எழுந்ததாம். கரையோர மர வீடுகளில் அந்தக் காலத்தில் தங்கியிருந்த ஜெர்மன் வியாபாரிகளுக்குக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி இல்லை. வீட்டுக்குள் தீ மூட்டவும் தடை. "அந்தக் குளிர்ல அடுப்பு கிடையாது சார். தனியா ஒரு கூடம், அங்க மட்டும்தான் தீ. எல்லாரும் அங்க உக்காந்து சாப்ட்டு, நாலு வார்த்தை பேசிட்டு, திரும்பிப் போய் இருட்டுல படுத்துக்குவாங்க. நம்மள மாதிரிதான்."  

வருண லிங்கம் வந்தால் வெயில் கொளுத்தினாலும், "பெர்கன் மழை ஆரம்பிச்சிடுச்சு, குடையை எடுங்க" என்பார். அங்கே வெயில் நாள் கம்மி, மழை நாள் ஜாஸ்தி. வாயு லிங்கத்தில் மலையேறும் குட்டி ரயில். குபேர லிங்கத்தில் வியாபாரம். அந்த ஊரைப் பணக்கார ஊராக்கியது வடக்கிலிருந்து வந்த காய்ந்த மீன் என்று ஒருநாள் உரக்கச் சொல்லப்போக, முன்னால் நடந்த ஓர் அம்மா திரும்பி நின்றுவிட்டார். "மலை சுத்தற எடத்துல கருவாட்டுப் பேச்சாய்யா?" இவர் அசரவில்லை. "ஜெர்மன்காரன் வித்ததும்மா, நம்மளுது இல்ல" என்றார். அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுப் புறப்படுவதாக இருந்தது. ஐப்பசியிலேயே போய்விட்டார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

காரியம் முடிந்ததும் மலர்விழி என்னோடு கிரிவலம் வந்தாள். ஒவ்வொரு லிங்கத்திலும் அவர் சொன்னதைச் சொன்னேன். பாதி வழியில் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட சாப்டியா, குளிருதானு தவிர ஒண்ணும் கேட்டதில்ல அங்கிள். ஊரைப் பத்தி நான் பேச்செடுத்தாலே போனை வச்சிடுவார். தனியா போகாதீங்கன்னு நான் சொன்னதால அந்த ஊரே அவருக்கு வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன்." எதற்காக மறைத்தார் என்பதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்புறம் தோன்றியது.

அவள் போய்விட்டாள். நான் தனியாகத்தான் சுற்றுகிறேன். யாரும் குடையை எடுக்கச் சொல்வதில்லை. வருண லிங்கத்தைத் தாண்டும்போது நானாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்தவர் ஒருமாதிரி பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அக்னி லிங்கத்தருகே போன் அடித்தது.

"அங்கிள், அந்த மர வீடுங்க முன்னாடி நிக்கறேன். இத்தனை வருஷமா பஸ்ல போறப்ப பாத்ததோட சரி. அப்பா தொலைஞ்ச அன்னிக்கு எந்தப் பக்கமா போனார்?"

"மலை எந்தக் கைப் பக்கம் இருக்கும்மா?"

"வலது கைப் பக்கம்."

"அப்ப சரியாத்தான் நிக்கற. நட."

போனை வைக்காமலே நடந்தோம். அவள் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் சார் எனக்கென்று விட்டுப்போனது, நான் பார்க்கவே போகாத அந்த ஊர்தான். அங்கே எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர முடியாது. அது அவளுக்கும் தெரியும். கோட்டை வந்ததும் சொல்கிறேன் என்றாள். காத்துக்கொண்டு நடந்தேன்.